ஒரே இடத்தில் வரும் குமிழி

ஜூன் 9
இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி எழுதுகிறேன். உன் முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். என் பிறந்தநாளுக்கு நீ என் தோழி கொசுவின் வீட்டுக்கு அனுப்பிய காலணிப் பெட்டியின் மூடியில் இருந்தது. அதைக் கிழித்து வரலாற்றுப் புத்தக அட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். பதிலையும் கொசுவின் வீட்டுக்கே போடு. எங்கள் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

போன் செய்யலாமே என்பாய். நம் வீட்டு போன் அப்பா பல்செட் செய்யும் லேப் மேசையில் இருக்கிறது. கொசுவின் வீட்டிலிருந்து பேசினால் அவள் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்பார். விடிவதற்குள் நம் அம்மாவுக்குச் செய்தி வந்துவிடும். அதனால் எல்லோரும் படுத்த பிறகு, விளக்கைப் போடாமல், தெருவிளக்கு விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அக்கா, அப்பாவின் தாடை வீங்கியிருக்கிறது. வலது பக்கம், கீழே, அவர் தனக்காகச் செய்துகொண்ட பல்செட் உட்காரும் இடத்தில். முதலில் கன்னத்துக்குள் ஏதோ அடக்கி வைத்திருப்பதுபோல இருந்தது. இப்போது தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது. கேட்டால், "செட் குத்துதும்மா, கொஞ்சம் தேய்ச்சா சரியாயிடும்" என்கிறார். தினமும் லேப்பை மூடிய பிறகு அதைக் கழற்றி மோட்டாரில் தேய்க்கிறார். மறுநாளும் குத்துகிறது.

இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. கீழ் உதட்டில் வலது பாதி அவருக்கு மரத்துப் போயிருக்கிறது. டீ குடித்தால் ஓரமாக வழிகிறது, அவருக்கே தெரிவதில்லை. அம்மா முந்தானையால் துடைத்துவிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்டார். ரத்தம் சட்டைக் காலர் வரை இறங்கிவிட்டது. அவர் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டே மறு கன்னத்தை மழித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் காட்டினாராம். வேறு யார், அப்பாவுக்குச் செட் ஆர்டர் கொடுக்கும் பல் டாக்டர்தான். இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், வாசலில் நிற்க வைத்தே டார்ச் அடித்துப் பார்த்தாராம். "உன் செட்தான்யா புண்ணாக்குது. நீயே தேய்ச்சுக்கோ, உனக்கு நான் சொல்லணுமா" என்று அனுப்பிவிட்டார். அப்பா அதைப் பெருமையாக வந்து சொல்கிறார்.

அப்பாவின் முதல் செட்டைச் செய்தவள் நீ. அவர் வாய் உனக்குத் தெரியும். செட் குத்தினால் உதடு மரத்துப் போகுமா? இதை மட்டும் எழுது. அவரிடம் உன் பேச்சை எடுக்க முடியாது. எடுத்தால் மோட்டாரைப் போட்டுவிடுகிறார்.

உன்
குட்டி


ஜூன் 24

அன்புக் குட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. காலணி அளவு சரியாக இருந்ததா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கீழ்த்தாடைச் செட் யாருக்குத்தான் குத்தவில்லை? பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்துகொண்டே போகும், செட் ஆடும், ஆடினால் புண்ணாகும். செட்டைக் கழற்றி வைத்துவிட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல். கொஞ்ச நாளில் ஆறவில்லை என்றால் அப்புறம் பார்ப்போம்.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். அப்பா எழுதச் சொன்னாரா? அல்லது அம்மாவா? நான் செய்த செட்டை வாடிக்கையாளர் முன்னாலேயே தரையில் போட்டு, "இது பல்லா, பட்டாணியா?" என்று கேட்டவர் அவர். நான் வாசலைத் தாண்டியபோதும் மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடத்தில் உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை இல்லை. இப்போது வாய் வலித்ததும் என் ஞாபகம் வந்ததா? அப்படியென்றால் அவரே கேட்கட்டும். உன்னை நடுவில் நிறுத்துவது நன்றாக இல்லை.

நீ ஒழுங்காகப் படி. இங்கே எனக்கு வேலை அதிகம். இந்த லேப்பில் பெரிய ஆஸ்பத்திரிகளின் வேலையெல்லாம் வருகிறது. நின்றபடியே பொழுது போய்விடுகிறது.

அன்புடன்
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடியும் பிரித்து இதை எழுதுகிறேன். உதடு மரத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் யாராவது மரப்பு ஊசி போட்டார்களா? மரப்பு கூடுகிறதா, குறைகிறதா?


ஜூலை 3
இரவு

அக்கா,

யாரும் எழுதச் சொல்லவில்லை. நான் எழுதுவது தெரிந்தால் அப்பா என்னையும் வாசலுக்கு அனுப்புவார். பட்டாணி விஷயத்தை நீங்கள் இரண்டு பேரும் என்றைக்காவது பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது அது இல்லை. ஊசி போடவில்லை. மரப்பு குறையவில்லை, முகவாய் வரைக்கும் இறங்கிவிட்டது. காலணி கொஞ்சம் பெரிது, பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்கிறேன். போதுமா?

செட்டைக் கழற்றி வைக்கச் சொன்னேன். "பல்செட் செய்யறவன் பொக்கை வாயோட உக்காந்திருந்தா எவன் ஆர்டர் குடுப்பான்?" என்று சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. பழைய செட் உட்காரவே மாட்டேன் என்கிறது என்று புதிதாகச் செய்ய ஆரம்பித்தார். கலவையை நான்தான் கரைத்துக் கொடுத்தேன். தட்டில் நிரப்பி அவரே தன் வாயில் வைத்து அளவு எடுத்தார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் மாடலைப் பிரித்தார். வலது பக்கத்தில், கடைசிப் பல்லுக்குக் கீழே ஒரு புடைப்பு இருந்தது. "குமிழி" என்றார். கத்தியை எடுத்துச் சுரண்டினார். வழவழவென்று ஆக்கிவிட்டார்.

குமிழி என்றால் எனக்கும் தெரியும். அளவெடுக்கும் கலவையில் காற்று மாட்டினால் அச்சில் ஒரு குழி விழும், அந்தக் குழியில் பிளாஸ்டர் போய் மாடலில் பருப்பு மாதிரி துருத்தி நிற்கும். அது வாயில் இல்லாதது, அதனால் சுரண்டிவிட வேண்டும். நான் இந்த வீட்டில் அ, ஆ படிப்பதற்கு முன் படித்தது அது.

அவர் சாப்பிடப் போனதும் அலமாரியில் பார்த்தேன். இந்த வருடம் அவர் தனக்காக எடுத்த பழைய மாடல்கள் இரண்டு இருந்தன. இரண்டிலும் அதே இடத்தில் கத்தி பட்ட தடம். முதல் மாடலில் நகக்கண் அளவு. அடுத்ததில் அதைவிடப் பெரிது. இன்றைக்குச் சுரண்டியது பெருவிரல் அகலம்.

"ஒரே இடத்துல ரெண்டு தரம் குமிழி வராதும்மா. வந்தா அது குமிழி இல்ல, வாய்." இதை நமக்குச் சொன்னது யார், அக்கா? அவர்தானே?

வாயில் இருப்பதை மாடலில் சுரண்டிவிட்டு, அந்த மாடலில் செட் செய்து, அதை வாயில் மாட்டினால் குத்தாமல் என்ன செய்யும்? சாப்பிட்டு வந்ததும் கேட்டேன். "அப்பா, இது மூணாவது தடவை." அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மோட்டாரைப் போட்டுவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். பாதியில் மூடிவிட்டேன். நீ வா.

குட்டி


ஜூலை 15

என் குட்டிக்கு,

பட்டாணியை மறந்துவிடு. அதை நான் எழுதியிருக்கக் கூடாது.

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் படித்தேன். படித்த பிறகு கையில் இருந்த மெழுகைச் சூடாக்கவே மறந்து, கெட்டி மெழுகைச் செதுக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சுரண்டிய மாடல்கள் எனக்குப் பயன்படாது. சுரண்டாதது வேண்டும். அவர் மறுபடியும் அளவு எடுப்பார், எனக்குத் தெரியும். மூன்று செட் தோற்றாலும் நான்காவது செய்கிற ஆள் அவர். அப்போது அவர் மாடலைப் பிரித்து எடுத்ததும், அந்த அச்சைக் குப்பைக்குப் போகவிடாதே. ஈரத் துணியில் சுற்றி வை. காய்ந்தால் சுருங்கிவிடும். ஆள் நகர்ந்ததும் அதிலேயே இரண்டாவது தடவை ஊற்று. பிளாஸ்டரைக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கு, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக இறக்கு, மெல்லத் தட்டு. ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, வலது பக்கம் முழுதாக வந்தால் போதும். பஞ்சு சுற்றி எனக்கு அனுப்பு. எங்கள் லேப்புக்கு வாய் அறுவை டாக்டர் ஒருவர் வாரா வாரம் வருவார். அவரிடம் காட்டுகிறேன்.

ஆனால் அதுவரை சும்மா இருக்காதே. அம்மாவிடம் சொல். டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல். உடனே.

நீ வா என்று எழுதியிருக்கிறாய். என் ஒப்பந்தம் முடியாமல் இங்கிருந்து நகர முடியாது. நகர்ந்து வந்தாலும் என்னை வாசலில் நிறுத்தி மோட்டாரைப் போடுவார். அந்தச் சண்டையில் அவர் வாய்க்கு வைத்தியம் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போகும்.

அன்புடன்
அக்கா


ஜூலை 28
இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதையெல்லாம் செய்தேன். எல்லாவற்றுக்கும் திட்டு வாங்கினேன்.

முதலில் அம்மா. அவள் அப்பாவுக்காகச் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவருக்கு எல்லாமே குழைத்துத்தான். பக்கத்தில் போய், "அம்மா, அப்பா வாயில இருக்கறது சாதாரண வீக்கம் இல்ல" என்றேன்.

"அந்த வார்த்தைய வீட்டுக்குள்ள சொல்லாத."

"நான் எந்த வார்த்தையும் சொல்லலையேம்மா."

"சொல்ல வந்த இல்ல?"

அதோடு முடிந்தது. கரண்டியைப் பாத்திரத்தில் தட்டிய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அவளுக்கும் தெரியும் அக்கா. தெரிந்ததால்தான் அப்படித் தட்டுகிறாள்.

அடுத்து டாக்டர். சனிக்கிழமை முடிந்த செட்களைக் கொடுக்கப் போகும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று சொன்னேன். "உங்கப்பா என்கிட்ட கேக்கட்டும்மா. என் லேப்காரர் வாய நான் பாக்காம வேற யாரு பாப்பா?" என்று நல்லபடியாகத்தான் பேசினார், தட்டிக்கொடுத்து அனுப்பினார். நான் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அப்பாவுக்கு போன் போய்விட்டது.

"என் வாய ஊருக்கெல்லாம் தொறந்து காட்றியா?" என்றார் அப்பா. 'காட்றியா' என்பது அவர் வாயிலிருந்து குழறித்தான் வந்தது. அது எனக்குக் கேட்டுவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை இன்னொன்று நடந்தது. வீக்கத்துக்குப் பக்கத்துப் பல், அவருடைய சொந்தப் பல், ஆடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு எழுந்தவர் வாஷ்பேசின் முன்னால் நின்று அதை விரலாலேயே பிடுங்கிவிட்டார். வலிக்கவே இல்லையாம். கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தார். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் பார்த்தபடி இருந்தேன்.

பல் போனதால் மறுபடியும் அளவு எடுத்தார். நீ சொன்னதுபோலவே. இதில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். மாடலைப் பிரித்த கையோடு அச்சைக் குப்பையில் எறிவதுதானே அவர் வழக்கம்? அன்று ஈரத் துணியைச் சுற்றி மேசை ஓரத்திலேயே மறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வேறு எதற்கோ நனைத்த துணியாக இருக்கும். நான் ஊற்றிவிட்டேன். முன்பக்கம் ஓரம் கிழிந்திருக்கிறது. வலது பக்கம் முழுதாக வந்திருக்கிறது.

பஞ்சு சுற்றி, பிஸ்கட் டப்பாவில் அடைத்து, கொசுவின் அண்ணன் மூலம் அனுப்பியிருக்கிறேன். உள்ளே என்ன என்று கேட்டானாம். பொம்மை என்று கொசு சொல்லியிருக்கிறாள்.

பிரித்து எடுத்தபோது நான் அதைத் தடவிப் பார்த்தேன் அக்கா. பார்த்திருக்கக் கூடாது.

உன்
குட்டி


ஆகஸ்ட் 12

குட்டிக்கு,

டப்பா வந்தது. நன்றாக ஊற்றியிருக்கிறாய். ஒரு குமிழி இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அது குமிழியே இல்லை. எலும்பு உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்ந்து பெருத்திருக்கிறது. ஈறு புண்ணானால் எலும்பு அப்படிப் பெருக்காது. அறுவை டாக்டரிடம் காட்டினேன். என் கையிலிருந்து வாங்காமலேயே குனிந்து பார்த்தார். உதடு மரத்ததையும் பல் ஆடி விழுந்ததையும் கேட்டார். "உங்க அப்பாவா?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மத்த மாடலையெல்லாம் ஒரு கையில தூக்கிட்டு வருவீங்க" என்றார்.

ஸ்கேன் எடுக்க வேண்டும். சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பல் டாக்டரிடம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில். உடனே. இனி ஒரு செட்கூட அந்த வாய்க்குள் போகக் கூடாது.

நான் அப்பாவின் லேப்புக்கு நான்கைந்து தடவை போன் செய்தேன். எடுக்கிறார். "அப்பா" என்றதும் ரிசீவரை மேசைமேல் வைத்துவிடுகிறார், வைத்துவிட்டு மோட்டார். நான் கத்துகிறேன், குட்டி. இந்த ஊரில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மோட்டாரிடம் கத்துகிறேன். கடைசி தடவை, "அது குமிழி இல்லப்பா" என்று கத்தினேன். மோட்டார் ஒரு நொடி நின்றதுபோல இருந்தது. அப்புறம் ஓடியது.

அம்மாவைக் கட்டாயப்படுத்து. அழு, சாப்பிடாமல் இரு, என்னவாவது செய். நாள் கடத்தாதே.

அக்கா


செப்டம்பர் 6
இரவு

அக்காவுக்கு,

உன் மூன்று கடிதங்களையும் விரித்து வைத்துப் பார்த்தேன். கேள், சொல், ஊற்று, அனுப்பு, அழு, சாப்பிடாமல் இரு. எல்லாவற்றுக்கும் 'உடனே'. அந்த உடனேயைச் செய்ய இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன். எனக்குக் காலாண்டுத் தேர்வு நடக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன். அம்மா தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டாள். "உனக்கும் அவருக்கும் ஒரே பிடிவாதம், எனக்கு ரெண்டு பேரையும் மேய்க்க முடியல" என்றாள். கத்தினேன். மோட்டார். அன்றைக்கு எனக்கு வெறுத்தே போய்விட்டது. பள்ளிக்குக் கிளம்பும் முன் லேப்புக்குள் போய், அலமாரியில் இருந்த அப்பாவின் மாடல்களை எல்லாம் எடுத்து அவர் வேலை செய்யும் பலகையில் வரிசையாக வைத்தேன். சிறிய தடம் முதலில், பெரியது கடைசியில். சுரண்டிய பக்கம் எல்லாம் அவர் நாற்காலியைப் பார்த்து. மோட்டாரைப் பிடுங்கிப் புத்தகப் பையில் போட வழியில்லை, அதனால் அதைத் தொடவில்லை. கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்தபோது லேப் பூட்டியிருந்தது. வேலை நாளில் லேப் பூட்டி நீ பார்த்திருக்கிறாயா? வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். இருட்டிய பிறகு இரண்டு பேரும் வந்தார்கள். அம்மாவின் கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். அப்பா என்னைத் தாண்டிப் போகும்போது, "வரிசை சரியாத்தான் வச்சிருந்த" என்றார்.

சதை எடுத்தார்கள். "கத்தி வச்சா பரவிடும்னு சொல்றாங்களே" என்று அம்மா அங்கே இருந்த நர்ஸிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல் அறிக்கையில் ஒன்றும் தெளிவாக இல்லை. அரிதாக வருவது, வேறு இடத்திலும் பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். அதற்குக் காத்திருந்தோம். போன் அடித்தால் அம்மா எடுக்க மாட்டாள், அப்பா எடுக்க மாட்டார். எல்லாவற்றையும் நானே எடுத்தேன். எல்லாம் செட் எப்போது தயாராகும் என்று கேட்பவர்கள்.

நேற்றுத்தான் சொன்னார்கள். பெயரை எழுதி வாங்கினேன்: அமெலோபிளாஸ்டிக் கார்சினோமா. புற்றுதான். பல்லின் எனாமலை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றனவாம், அவை கெட்டுப் போய் வளர்வது. அந்த ஆஸ்பத்திரியிலேயே பெரிய டாக்டர் ஒருவர்தான் இதை முன்பு பார்த்திருக்கிறாராம். மாணவர்களையெல்லாம் கூட்டி வந்து அப்பாவின் வாயைக் காட்டினார். 'ஊருக்கெல்லாம் தொறந்து காட்றியா' என்று என்னைத் திட்டியவர் எல்லோருக்கும் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னார்: "நான் வெளிய பல் செஞ்சிட்டிருந்தேன். உள்ள ஒருத்தன் போட்டிக்கு லேப் போட்டிருக்கான். அவனுக்கு வேலை தெரியல." அம்மா சிரித்துவிட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழ்த்தாடையில் வலது பாதியை எடுத்துவிடுவார்கள். காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்கள். முன்னமே வந்திருந்தால் இவ்வளவு எடுக்க வேண்டியிருக்காது என்று பெரிய டாக்டர் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார், அம்மா தரையைப் பார்த்தாள். நான் ஜூன் மாதத்திலிருந்து கத்துகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது.

நீ வா என்று இந்தத் தடவை எழுதப் போவதில்லை.

குட்டி


செப்டம்பர் 17

என் செல்லக் குட்டிக்கு,

திட்டியதெல்லாம் சரி. தேர்வை எப்படி எழுதினாய்?

ஆபரேஷனுக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இது எனக்குத் தெரிந்த வேலை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டுக்கும் அளவு எடுத்து மாடல் வேண்டும். அவர் கடிக்கும்போது மேலும் கீழும் எங்கே சேர்கின்றன என்பதை மெழுகில் கடிக்க வைத்து அதையும் எடுக்க வேண்டும். தாடையில் ஒரு பாதி போனால் மிச்சப் பாதி ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். பழைய கடி எங்கே இருந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. பிறகு பல் வைக்கும்போது இது கையில் இருந்தால்தான் அவரால் மெல்ல முடியும்.

நான் கேட்டேன் என்று சொன்னால் தர மாட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் என்று சொல்.

நான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்பந்தம் இருக்கிறதே என்றார் மேற்பார்வையாளர். இருக்கட்டும், எழுதிக் கொடுத்ததை மேசையில் வையுங்கள் என்றேன். கிடைக்கும் என்று உனக்கு எழுதி, பிறகு கிடைக்கவில்லை என்று எழுத என்னால் முடியாது. கிடைத்தால்கூட அவர் என்னைப் பார்க்கச் சம்மதிப்பாரா என்பது எனக்குத் தெரியவில்லை. ஆபரேஷனுக்குப் போகிறவரின் வாசலில் நின்று சண்டை போட எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் உனக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதே.

அன்புடன்
அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். லேப் மேசையில், அப்பாவுக்கு எதிரில். எழுத்து நேராக இருப்பதைப் பார்த்தே உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ சொன்னபடி சொன்னேன். "அப்பா, மேல் கீழ் ரெண்டுக்கும் மாடல் வேணுமாம், மெழுகுல கடியும் வேணுமாம். ஆஸ்பத்திரில கேட்டாங்க."

அவர் வேலையை நிறுத்தாமலே, "ஆஸ்பத்திரில யாரு?" என்றார்.

"பெரிய டாக்டர்."

"மெழுகுல கடி எடுக்கணும்னு பெரிய டாக்டர் சொன்னாரா?"

"ஆமாம்ப்பா."

"அவரு கத்தி புடிக்கறவரு. இது மெழுகு புடிக்கறவ கேக்கற மாதிரி இருக்கு."

அவர் மோட்டார் சுவிட்சில் கையை வைத்தார். அவ்வளவுதான், போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அணைத்தார் அக்கா. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பிஸ்கட் டப்பா உடையாம போச்சா?" என்றார்.

"அச்ச ஈரத் துணியில சுத்தி வச்சிட்டு, நீ எப்ப வந்து எடுப்பன்னு குளிக்கற ரூம்லயே நின்னுட்டிருந்தேன்" என்றார். "தண்ணிகூட ஊத்தல. பிளாஸ்டர் தட்டற சத்தம் கேக்கணும்ல."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். "தெரிஞ்சேவா சுரண்டினீங்க? தெரிஞ்சேவா என்னைத் திட்டினீங்க?" என்று கத்தினேன். அம்மா ஓடி வந்து வாசலில் நின்றாள். பேசினால் இப்போது அப்பாவுக்கு எச்சில் வழிகிறது, துடைத்துத் துடைத்துப் பேச வேண்டியிருக்கிறது. "மொத தடவ நெசமாவே குமிழின்னுதான் நெனச்சேன்" என்றார். "ரெண்டாவது தடவ, குமிழியா இருக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் கை தானா சுரண்டிச்சு." இன்னும் கொஞ்சம் துடைத்துக்கொண்டு, "யாராச்சும் பாக்கட்டும்னுதான் வச்சேன். யாருக்கு அனுப்புவன்னும் தெரியும். எனக்குக் கேக்க வரல" என்றார்.

நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. இதை அவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இன்று காலையில் அளவு எடுத்தோம். கலவையை நான் கரைத்தேன், அம்மா கண்ணாடியைப் பிடித்தாள். வாயை அகலத் திறக்க முடியவில்லை, கீழ்த்தட்டு வலது பக்கம் இறங்கவே இல்லை, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. மெழுகைக் கடித்தார். பிளாஸ்டரை அவரே ஊற்றினார். நாளை ஆஸ்பத்திரியில் சேர்கிறோம், வியாழக்கிழமை ஆபரேஷன். பிழைத்து வருவாரா, வந்தால் பேசுவாரா என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இனி எனக்கு 'உடனே' என்று எழுதாதே. உடனே செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

மாடல்கள் காய்ந்துவிட்டன. இந்தக் கடிதத்தோடு அவற்றை அனுப்புகிறேன். அப்பாவே பஞ்சு சுற்றிக்கொண்டிருக்கிறார், நான் சுற்றினால் நொறுங்கிவிடுமாம். எல்லா ஆர்டருக்கும் எழுதுவதுபோல அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறார். பெயர் எழுதும் இடத்தில் 'அப்பா' என்று இருக்கிறது. எந்த லேப்புக்கு என்ற இடத்தில் உன் பெயர். செட் எப்போது வேண்டும் என்று தேதி எழுதும் இடத்தை வெறுமனே விட்டிருக்கிறார். மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். "அத அவ எழுதட்டும். வந்து மாட்டிப் பாத்து எழுதட்டும்" என்றார்.

கீழ்த்தாடை மாடலைக் கவனமாகப் பிரி. வலது பக்கம் கனமாக இருக்கும். இந்தத் தடவை அவர் சுரண்டவில்லை.

உன்
குட்டி